அப்டேட் போட்டபின் பழைய போன் ஸ்லோ ஆனால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

மூன்று வயதைத் தாண்டிய போன் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திணறினால், காரணம் நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். பேட்டரி, ஸ்டோரேஜ், ரேம், இல்லாவிட்டால் உண்மையிலேயே அந்த அப்டேட். முதல் மூன்றும் அப்டேட்டுக்கு முன்பே தேய்ந்துபோயிருப்பவை. புது மென்பொருள் கூடுதல் பாரம் ஏற்றியதும் அந்தத் தேய்மானம் வெளியே தெரிகிறது. நான்காவதும் நடக்கிறது. நிறுவனங்களே ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, பணம் திருப்பிக் கொடுத்த வழக்குகள் இருக்கின்றன.

எந்த இடம் என்று தெரியாமல் ஃபேக்டரி ரீசெட் அடிப்பது, "இனி அப்டேட்டே வேண்டாம்" என்று ஆட்டோ அப்டேட்டை நிறுத்துவது, அவசரப்பட்டு புது போன் வாங்குவது என்று பலரும் இந்த மூன்றில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் ஒரு பேட்டரியை மாற்றியிருந்தாலே சரியாகியிருக்கக்கூடிய போன்கள் இப்படி மேசை டிராயருக்குள் போய்விடுவது வருத்தமான விஷயம்.

முதல் மூன்று நாட்கள்

பெரிய அப்டேட் முடிந்து போன் திரும்ப ஆன் ஆனவுடன் உள்ளே வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் லைப்ரரிகள் மாறியதால், போன் நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு ஏற்கனவே மாற்றி (கம்பைல் செய்து) வைத்திருந்த ஆப்களின் நிரல் பழசாகிவிடும். அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். போன் சார்ஜரில் இருந்து, திரை அணைந்து, யாரும் தொடாமல் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அந்த வேலை நடக்கும். அதுவரை ஒவ்வொரு ஆப்பும் சற்றுத் தாமதமாகவே திறக்கும். ஐபோனில் ஃபோட்டோக்களை மறுபடி அலசுவது, தேடலுக்கான இண்டெக்ஸ் கட்டுவது, புதுக் கோப்புகளை இறக்குவது எல்லாம் பின்னணியில் ஓடும். அப்டேட் போட்ட உடனே பேட்டரியிலும் சூட்டிலும் தற்காலிகப் பாதிப்பு தெரியலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஆகவே அப்டேட் போட்ட முதல் இரண்டு, மூன்று இரவுகள் போனை வைஃபையில், சார்ஜரில் செருகி, கவரைக் கழற்றி, கெட்டியான தரைமேலோ மேசைமேலோ வைத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம். ஆப் ஸ்டோரில் காத்திருக்கும் ஆப் அப்டேட்களையும் அப்போதே முடித்துவிடுங்கள். புதுச் சிஸ்டத்தில் பழைய ஆப் ஓடுவதாலும் தொங்கல் வரும். மூன்றாம் நாளும் நிலைமை மாறவில்லை என்றால்தான் கோளாறு தேடத் தொடங்க வேண்டும்.

பேட்டரிதான் முதல் சந்தேகம்

இது 2017ல் உலகத்துக்கே பாடமாக வந்த விஷயம். ஐபோன் 6, 6எஸ் போன்கள் பேட்டரியில் 30, 40 சதவீதம் இருக்கும்போதே திடீரென அணைந்துகொண்டிருந்தன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அந்தக் கோளாறைப் பெருமளவு குறைத்தது. எப்படிக் குறைத்தது என்பதை ஆப்பிள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் போனின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், ஐஓஎஸ் பதிப்பு வாரியாக 6எஸ் போன்களின் மதிப்பெண்களைப் பிரித்து வரைபடமாக வெளியிட்டார். 10.2.0ல் மதிப்பெண்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. 10.2.1க்குப் பிறகு கீழே வெவ்வேறு படிகளில் சின்னச் சின்ன மேடுகள் முளைத்திருந்தன. பேட்டரி தேய்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தை மென்பொருள் வெட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்த பேட்டரியோடு இருந்த ஒரு 6எஸ் போனில் ஒற்றைக் கோர் (பிராசசரின் ஒரு பிரிவை மட்டும் அளக்கும்) மதிப்பெண் 1466. பேட்டரியை மட்டும் மாற்றியதும் அதே போன் 2526 காட்டியது. சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, டிசம்பர் 28ல் மன்னிப்புக் கேட்டது, 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 2018 முழுக்க 29 டாலருக்குச் செய்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்த அபராதத்துக்குக் காரணம், அப்டேட் போட்டால் போன் வேகம் குறையலாம் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டது.

வேகத்தை வெட்டியதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரி வயதாக ஆக அதன் கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதவீதத்தில் பேட்டரியின் வோல்டேஜ் 3.7 என்று வைப்போம். கேமரா திறந்து ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் 3 ஆம்பியர் இழுக்கிறது. உள்மின்தடை 0.1 ஓம் இருந்தால் வோல்டேஜ் 0.3 இறங்கி 3.4ல் நிற்கும், பிரச்சினை இல்லை. அதே பேட்டரி தேய்ந்து 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.75 இறங்கி 2.95க்குப் போய்விடும். போனின் பவர் சர்க்யூட் அந்த அளவில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். உள்ளே சார்ஜ் மிச்சம் இருந்தும் போன் அணைவது இதனால்தான். குளிர் நேரத்தில் உள்மின்தடை இன்னும் ஏறும் என்பதால் மலைப்பகுதிகளில் இது அதிகம் தெரியும். அணையாமல் இருக்க ஒரே மென்பொருள் வழி, அந்த 3 ஆம்பியரை இழுக்கவிடாமல் பிராசசரை மெதுவாக ஓட்டுவது. செய்ததில் தர்க்கம் இருக்கிறது. போனுக்குச் சொந்தக்காரருக்கு அதைச் சொல்லியிருந்தால் பேட்டரி மாற்றுவதா, மெதுவாக ஓட்டிக்கொள்வதா என்று அவரே முடிவு செய்திருப்பார்.

உங்கள் போனில் பேட்டரிதான் காரணமா என்று பார்க்க ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போங்கள். இந்தப் பக்கமே அந்தச் சர்ச்சைக்குப் பிறகு 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3ல் வந்ததுதான். அங்கே காட்டும் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகளில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை, 15 முதல் அது 1000. போன் எதிர்பாராமல் அணைந்ததால் வேகக் கட்டுப்பாடு போடப்பட்டிருக்கிறது என்ற வாசகம் அங்கே தெரிந்தால், பக்கத்திலேயே அதை நிறுத்தும் இணைப்பும் இருக்கும். நிறுத்தலாம். ஆனால் அடுத்த முறை போன் அணைந்தால் கட்டுப்பாடு தானாகத் திரும்பிவிடும்.

ஆண்ட்ராய்டில் எல்லாப் போனுக்கும் பொதுவான பக்கம் இல்லை. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பின் டயக்னாஸ்டிக்ஸில் பேட்டரி நிலை தெரியும். மற்றவற்றில் அக்யூபேட்டரி போன்ற ஆப்பைப் போட்டு, 15 சதவீதத்திலிருந்து 90, 95 வரை சில முறை சார்ஜ் ஏற்றினால் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிட்டுச் சொல்லும். ஒரே சார்ஜில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், சராசரியைப் பாருங்கள்.

ஆப் எதுவும் இல்லாமலே தெரியும் அறிகுறிகளும் இருக்கின்றன. 38லிருந்து 21க்கு ஒரே தாவாகச் சதவீதம் இறங்குவது. கேமரா திறந்தால் அணைவது, சார்ஜரில் செருகியபடி அதே கேமராவைத் திறந்தால் அணையாமல் இருப்பது. அணைந்த போனைச் செருகி ஆன் செய்தால் உடனே 20 சதவீதம் காட்டுவது. இவற்றில் இரண்டு இருந்தாலே பேட்டரியைச் சந்தேகிக்கலாம். போனைத் தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் சுழலும், திரையின் ஓரத்தில் பசை விட்டு இடைவெளி தெரியும். அப்படித் தெரிந்தால் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டு அன்றே மாற்றுங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது.

அளக்காமல் தீர்ப்பு வேண்டாம்

கண்ணுக்குத் தெரியும் வேகம் ஏமாற்றும். அளந்து பார்ப்பது கால் மணி நேர வேலை. கீக்பெஞ்ச் போட்டு, போன் சூடாக இல்லாத நேரத்தில், பேட்டரி 80க்கு மேல் இருக்கும்போது மூன்று முறை ஓட்டி நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி 25, 30க்கு வந்ததும் அதேபோல் மறுபடி. நல்ல பேட்டரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். தாழ்ந்த சார்ஜில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் பேட்டரியைக் காரணம் காட்டி போன் தன்னை அடக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பேட்டரி சேவர் மோடு ஆஃப் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

அதோடு ஒரு ஸ்டாப்வாட்ச் கணக்கும் எடுங்கள். ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து லாக் ஸ்க்ரீன் வர எத்தனை விநாடி, கேமரா முதல் முறை திறக்க எத்தனை, வாட்ஸ்அப் திறக்க எத்தனை. பெரிய அப்டேட்டுக்கு முந்தின நாள் இதையும் பில்ட் நம்பரையும் (மென்பொருள் பதிப்பின் எண்) ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதி வையுங்கள். நான்காம் நாள் திரும்ப எடுங்கள். பிராசசர் மதிப்பெண் மாறாமல் ஆப் திறக்கும் நேரம் மட்டும் கூடியிருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு ஸ்டோரேஜ் பக்கம் போங்கள். இந்தக் குறிப்பு பின்னால் சர்வீஸ் சென்டரில் பேசவும் உதவும்.

பேட்டரி மாற்றும்போது

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விலை கூடுதல், ஆனால் பழைய மாடலுக்கு அதுவே பாதுகாப்பான வழி. வெளிக் கடையில் மாற்றினால் மூன்று விஷயம் கேளுங்கள். பேட்டரியின் மேல் அச்சிட்ட கொள்ளளவும் வோல்டேஜும் பழையதோடு ஒத்துப்போகிறதா? உங்கள் பழைய பேட்டரியில் இருந்ததைவிட அதிகக் கொள்ளளவு அதே அளவு செல்லில் எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள், பெரும்பாலும் ஸ்டிக்கர்தான் பெரியது. எத்தனை மாத வாரண்டி, அது பில்லில் எழுதப்படுமா? திரையையோ பின்கதவையோ திறந்தபின் புதுப் பசை ஒட்டுகிறார்களா? பசை மாற்றினாலும் தண்ணீர் தாங்கும் தன்மை பழையபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். புதிய ஐபோன்களில் வெளிப் பேட்டரி போட்டால் அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி வரும். பேட்டரி ஹெல்த் எண்ணும் நம்பத்தக்கதாக இருக்காது. போன் ஓடுவதை அது தடுக்காது.

ஸ்டோரேஜ்: கவனிக்கப்படாத காரணம்

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் அப்டேட்டுக்குப் பின் வரும் மந்தத்தில் பேட்டரியைவிட இதற்குப் பங்கு பெரிது. பழைய பட்ஜெட் போன்களில் இஎம்எம்சி வகை மெமரி இருக்கும். அது ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாத வகை. யூஎஃப்எஸ் என்ற வேறு வகை மெமரி போடப்பட்ட போன்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யும். இதற்கு மேல், ஃபிளாஷ் மெமரியில் பழைய டேட்டாவின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு முழு பிளாக்கை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலியிடம் தாராளமாக இருந்தால் அழித்து வைத்த பிளாக் தயாராக இருக்கும். 32 ஜிபி போனில் 30 நிறைந்துவிட்டால், ஒரு சின்னத் தகவலை எழுதக்கூட இங்கிருந்து அங்கே டேட்டாவை நகர்த்தி, ஒரு பிளாக்கைக் காலி செய்து, பிறகுதான் எழுதும். கீபோர்டு ஒவ்வொரு எழுத்துக்கும் தடுமாறுவது, வாட்ஸ்அப் மெசேஜ் வரும்போது திரை உறைவது எல்லாம் இதன் வெளிப்பாடு. அப்டேட் வந்து சிஸ்டமும் ஆப்களும் இன்னும் சில ஜிபி எடுத்துக்கொள்ள, கடைசிக் காலியிடமும் போய்விடுகிறது.

மொத்த இடத்தில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும். 64 ஜிபி போனுக்கு 10 முதல் 12 ஜிபி. எங்கே தேடுவது? வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள், பலமுறை ஃபார்வர்டு ஆனவை, எந்தக் குரூப்பில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். குடும்பக் குரூப்பிலும் அப்பார்ட்மென்ட் குரூப்பிலும் குவிந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் பல ஜிபி வரும். டெலிகிராமில் டேட்டா அண்ட் ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் யூசேஜ் பக்கத்தில் மீடியாவை எத்தனை நாள் வைப்பது என்பதை ஒரு வாரமாகக் குறையுங்கள், சர்வரில் இருப்பது போகாது. கேலரியில் அழித்தவை 30 நாள் வரை டிராஷில் உட்கார்ந்திருக்கும், அதையும் காலி செய்ய வேண்டும்.

இடம் கிடைத்த அடுத்த நிமிடமே வேகம் வராது. காலியான பிளாக்குகளை மெமரிக்குத் தெரிவிக்கும் டிரிம் என்ற வேலை, போன் சும்மா இருக்கும்போது சார்ஜரில் நடக்கும். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.3க்கு முன் இந்த டிரிம் ஏற்பாடே இல்லாமல் பல கருவிகள் நாளாக நாளாகத் திணறின. 2013ல் வந்த 4.3 அதைக் கொண்டுவந்தபின் பழைய கருவிகள் மீண்டும் மூச்சுவிட்டன. அப்டேட் பழையதை வேகப்படுத்திய வழக்கு அது.

மெமரி கார்டுக்கு ஆப்களை நகர்த்தி இடம் தேடுவது இன்னொரு பொறி. கார்டு போனின் உள்மெமரியைவிட மிக மெதுவானது, ஆப் திறக்கும் ஒவ்வொரு முறையும் தண்டனை. படங்களும் பாட்டும் கார்டில் இருக்கட்டும், ஆப்கள் உள்ளே இருக்கட்டும். "கிளீனர்", "பூஸ்டர்" என்று வரும் ஆப்களை நீக்கிவிடுங்கள். பின்னணியில் இருப்பதை மூடுவதும் அவை திரும்ப எழுவதுமாகப் பேட்டரிதான் வீணாகும்.

ரேம்

வாட்ஸ்அப், கேமரா, குரோம் மூன்றையும் அடுத்தடுத்துத் திறந்து முதலாவதற்குத் திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து லோட் ஆனால் ரேம் போதவில்லை. 2, 3 ஜிபி ரேம் போனில் இதற்கு மருந்து இல்லை, நிவாரணம் உண்டு. ஃபேஸ்புக் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் பாருங்கள். ரேம் பிளஸ், விர்ச்சுவல் ரேம் என்ற வசதியை அப்டேட் ஆன் செய்து வைத்திருந்தால் அதை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்து ஒரு நாள் பாருங்கள். அது ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. மெதுவான இஎம்எம்சியில் அதுவே தொங்கலுக்குக் காரணமாகலாம். டெவலப்பர் ஆப்ஷனில் மூன்று அனிமேஷன் ஸ்கேல்களையும் 0.5 ஆக்கினால் பிராசசர் வேகமாகாது, காத்திருப்பு மட்டும் குறையும். பழைய போனில் அதுவும் தேவைதான்.

உண்மையிலேயே அப்டேட் கெடுத்தவை

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் விஷயத்தில், நோட் 7க்காகத் தயாரான ஆண்ட்ராய்டு 6 அடிப்படையிலான மென்பொருளை நோட் 4 வைத்திருந்தவர்களிடம் போடச்சொல்லித் தொடர்ந்து வற்புறுத்தியது, அதனால் வரும் பாதிப்பைச் சொல்லாதது, பழைய நிலைக்குத் திரும்ப வழி தராதது என்பவை குற்றச்சாட்டு. மூன்றில் கடைசியானதுதான் இன்றும் தீராதது.

2025 ஜனவரியில் கூகுள் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. குறிப்பிட்ட பேட்டரி இருந்த போன்களில் சார்ஜ் ஏறும் உச்ச வோல்டேஜை அது குறைத்தது, போன் பாதி நாள்கூட நிற்கவில்லை என்ற புகார்கள் குவிந்தன. பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்தைக் குறைக்கவே அந்த அப்டேட் என்று ஆஸ்திரேலியாவின் திரும்பப்பெறும் அறிவிப்பில் தெளிவானது. இலவச பேட்டரி மாற்றம், 50 டாலர் பணம், 100 டாலர் தள்ளுபடி என்று தேர்வுகள் தரப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏவுக்கும் கட்டாய அப்டேட் வந்தது, 400 சார்ஜ் சுற்று தாண்டிய பாதிக்கப்பட்ட போன்களில் கொள்ளளவைக் குறைத்தது. தீ ஆபத்து உள்ள பேட்டரியை அடக்குவது சரிதான். அதைப் போட்டாலும் பேட்டரி நேரம் போகும், போடாவிட்டாலும் ஆபத்து என்ற இடத்தில் வாடிக்கையாளரை நிறுத்தும்போது, மாற்றுப் பேட்டரி எல்லா நாட்டிலும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

வேகத்தைத் தொடாமல் வேறு விதத்தில் கெடுத்த அப்டேட்டும் உண்டு. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் ப்ரொஃபைல் வைத்திருந்த சில பிக்சல் போன்களில் உரிமையாளரால் தன் ஸ்டோரேஜையே திறக்க முடியாமல் போனது. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற சின்னப் பாகத்தின் பழுதான அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. இது சிஸ்டம் அப்டேட்டே இல்லை, பிளே ஸ்டோர் வழியாகத் தானாக வந்தது. சிஸ்டம் அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களுக்கும் அது வந்தது. அப்டேட்டை நிறுத்தினால் போன் அப்படியே உறைந்து நிற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆப்கள் வாராவாரம் பெருத்துக்கொண்டே இருக்கும், பேட்டரியும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2018ல் வந்த ஐஓஎஸ் 12 பழைய போன்களையே குறிவைத்து எழுதப்பட்டது. ஐபோன் 6 பிளஸில் ஆப்கள் 40 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்று ஆப்பிள் சொன்னது. 2013ல் வந்த 5எஸ் கூட அதைப் போட்டபின் பயன்படுத்த எளிதானது. மனது வைத்தால் முடியும்.

திரையில் பச்சைக் கோடு விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமோலெட் வகைத் திரையுள்ள போன்களில் அப்டேட் முடிந்த மறுநாள் கோடு வந்ததாக இந்தியாவில் ஏராளமான புகார்கள். கோடு என்பது திரைப் பேனலிலோ அதன் இணைப்பிலோ வந்த ஹார்டுவேர் பழுது, ரீசெட்டால் போகாது. வாரண்டி முடிந்திருந்தாலும் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. கையிலிருந்து பணம் கட்டும் முன் உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள்.

சிக்னல் குறைந்து பேட்டரி வேகமாக இறங்கினால் சிக்னலைப் பிடிக்கும் பாகமான மோடத்தின் மென்பொருளும் அப்டேட்டில் மாறியிருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் செய்து பாருங்கள், வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும் என்பதால் எழுதி வைத்துக்கொண்டு. உங்கள் தெருவில் 5ஜி விட்டுவிட்டு வந்தால் 4ஜியில் நிறுத்தி ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் பலன் தரும்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா

ஐபோனில் கிட்டத்தட்ட முடியாது. புது வெர்ஷன் வந்த சில வாரங்களில் பழையதற்கு ஆப்பிள் டிஜிட்டல் ஒப்புதல் (கையொப்பம்) தருவதை நிறுத்திவிடும், அதன்பின் போன் அதை ஏற்காது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்வாங்கலைத் தடுக்கும் எண் ஒன்று ஹார்டுவேரில் பதிவாகிறது. அதைவிடப் பழைய மென்பொருளை ஏற்றினால் போன் எழுந்திருக்காமலே போகலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ "பழைய வெர்ஷன் போட்டுத் தரேன்" என்று சொன்னால், இந்தத் தடை உங்கள் மாடலில் இருக்கிறதா, போன் செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூட்லோடர் (எந்த மென்பொருள் ஏறலாம் என்று காக்கும் பூட்டு) திறந்த போனில் பல வங்கி ஆப்கள் ஓடாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. வருடக்கணக்கில் வீங்கிய ஆப் டேட்டாவும், வெர்ஷன் வெர்ஷனாகச் சுமந்துவந்த பழைய செட்டிங்ஸும் போய்விடுவதால் பலன் தருகிறது. பேட்டரி தேய்ந்த போனில் ரீசெட் அடித்தால் பலன் இருக்காது. செய்வதற்கு முன் கூகுள் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு உண்மையிலேயே நினைவிருக்கிறதா என்று வேறொரு கருவியில் நுழைந்து பாருங்கள், தெரியாவிட்டால் ரீசெட்டுக்குப் பின் போன் பூட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப் பேக்கப் எந்தத் தேதியில் முடிந்தது என்று பாருங்கள். லாகின் செய்யும்போது ரகசிய எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் உள்ள கணக்குகளை வேறு போனுக்கு எடுத்து வையுங்கள், இதை மறந்தவர்கள் மெயிலுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பார்கள். யூபிஐ ஆப்களை மறுபடி பதிவுசெய்ய வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸும் வேண்டும். முதல் 24 மணி நேரம் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கும். வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் ரீசெட் வேண்டாம்.

எதைப் போடுவது, எதைத் தள்ளுவது

மாதாந்திர செக்யூரிட்டி அப்டேட்டை ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். அளவில் சிறியது, வேகத்தைத் தொடுவது அரிது. பணம் அனுப்பும் போனில் இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. பெரிய வெர்ஷன் மாற்றம் வந்தால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, முதல் திருத்தம் வந்தபின் போடுங்கள். உங்கள் அதே மாடல், அதே ரேம் வைத்திருப்பவர்களின் அனுபவத்தைத் தேடிப் படியுங்கள். உங்கள் போனுக்குத் தரப்படும் கடைசிப் பெரிய அப்டேட் என்றால் இன்னும் கூடுதல் நிதானம் தேவை. அதில் வரும் குறை, பின்னால் திருத்தப்படாமலே நிற்கலாம். போடும் நாளில் 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ், 10 ஜிபி அளவு காலியிடம், முடிந்த பேக்கப் மூன்றும் இருக்கட்டும்.

2023 அக்டோபரில் பிக்சல் 8ம், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24ம் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்றபின்னும் குறைந்தது 5 ஆண்டு சிஸ்டம் அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 சுற்றுக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் 7 ஆண்டு அப்டேட் வாங்கும் போன் அதற்குள் குறைந்தது ஒரு முறை பேட்டரி கேட்கும். வாங்கும்போதே அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்தான் கெடுத்தது என்று உங்கள் அளவீடு காட்டினால் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது முன், பின் ஸ்க்ரீன்ஷாட்களை எடுத்துச் செல்லுங்கள். போனை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் "மந்தமாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். அப்டேட் போட்ட தேதி, பில்ட் நம்பர், அதற்குப் பின் தொடங்கிய கோளாறு மூன்றையும் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லும் இந்த ஜாப் ஷீட்டும்தான்.